கைரோபிராக்டிக் சிகிச்சை: முதன்முறை போகிறவர் கவனத்திற்கு

நம் தொழிலில் இடுப்புவலி அறியாதவரைக் காண்பது அரிது. விடிகாலையில் லாரி வந்து நின்றால் ஆள் வரட்டும் என்று காத்திராமல் நாமே சிப்பத்தில் கை வைக்கிறோம். பிறகு இரவு வரை கல்லாவில் குனிந்தபடி உட்காருகிறோம். அரிசிச் சிப்பம் 25 கிலோ, சர்க்கரை மூட்டை 50 கிலோ, எண்ணெய் டின் 15 கிலோ என்று எடையெல்லாம் மனப்பாடம். அதைத் தாங்கும் முதுகெலும்பைப் பற்றித்தான் நாம் யோசிப்பதில்லை.

இடுப்பு பிடித்துக்கொண்டால் முன்பு சுளுக்கு எடுப்பவரிடமோ வர்ம ஆசானிடமோ போவோம். இப்போது பெருநகரங்களில் கைரோபிராக்டிக் என்ற பெயர்ப்பலகைகளையும் காண்கிறோம். கைப்பேசிப் படங்களில் ஒருவர் கழுத்தைத் திருப்ப, 'மடக்'கென்று சத்தம் கேட்க, படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுகிறார். அதைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்கும் வணிகர்களுக்காக இக்கட்டுரை.

இம்முறையைத் தொடங்கிய டேனியல் டேவிட் பால்மர் 1845-இல் கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். தேனீ வளர்த்தார், பள்ளியில் பாடம் நடத்தினார், மளிகைக் கடையும் வைத்திருந்தார். அந்த வகையில் நம்மவர்தான்! 1895-இல் ஐயோவா மாநிலத்தின் டாவன்போர்ட் நகரில், காது மந்தமான ஒரு பணியாளரின் முதுகெலும்பை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்கத் தொடங்கியது என்று பால்மர் கூறினார். நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முள்ளெலும்பு விலகுவதால் வருபவை என்றும் பின்னாளில் எழுதினார். இந்தக் கொள்கைக்கு இன்றைய மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. கைரோபிராக்டர்களிலேயே பலர் இதைக் கைவிட்டுவிட்டனர். ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா எல்லாவற்றையும் முதுகெலும்பை அழுத்தியே தீர்ப்பதாக ஒருவர் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சரக்கு என்று விற்பவர்களை நாம் சந்தையில் பார்க்காதவர்களா என்ன?

அதற்காக இது முழுக்க வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்புவலிக்கு மாத்திரையை நாடும் முன் சூட்டு ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர், முதுகெலும்பைக் கையால் அசைத்தல் ஆகியவற்றை முயலலாம் என்று கூறப்பட்டுள்ளது. அப்படிப்பட்ட வலி பெரும்பாலும் எந்தச் சிகிச்சை செய்தாலும் நாளடைவில் தணிந்துவிடும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. கிடைக்கும் பலன் நடுத்தரமானதே. அந்தச் சத்தமும் எலும்பு இடத்தில் உட்கார்ந்ததற்கு அடையாளம் அல்ல. விரலைச் சொடுக்கும்போது வருவதுபோல மூட்டு நீரில் உண்டாகும் வாயுக் குமிழியின் விளைவு. சத்தம் வரவில்லையே என்று மறுபடி அழுத்தச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் போனவுடன் படுக்கச் சொல்லி முறுக்கினால் அது நல்ல இடம் அல்ல. வலி எப்போது தொடங்கியது, கீழே விழுந்ததுண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்றெல்லாம் விசாரித்து, கால் வலுவையும் உணர்ச்சியையும் சோதித்து, செய்யப்போவதையும் அதன் ஆபத்தையும் விளக்கி நம் சம்மதம் பெற்ற பிறகே கை வைக்க வேண்டும். எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவையில்லை. செய்துகொண்ட பின் ஓரிரு நாள் உடம்பு வலிப்பது சகஜம். அன்றைக்கே லாரியில் சரக்கு இறக்கப் போகக் கூடாது.

இனிச் சொல்வதைக் கூர்ந்து படிக்க வேண்டுகிறோம். எலும்புத் தேய்வு நோய், எலும்பு முறிவு, புற்றுநோய், முதுகெலும்புக் காசநோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதற்குப் போகவே கூடாது. இடுப்புவலியோடு கால் வலுவிழந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்; நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடும். காய்ச்சலோடு வரும் முதுகுவலியும், காரணமின்றி எடை குறைவதோடு வரும் வலியும் அலட்சியப்படுத்தக் கூடாதவை. மேல்முதுகிலும் தோளிலும் வலித்து வியர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம். மூட்டை தூக்கிய வலி என்று கடையிலேயே சாய்ந்து கிடக்கக் கூடாது.

கழுத்து விஷயம் தனி. மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் கழுத்தெலும்பை ஒட்டி ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது அரிதாக அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். திருப்பியதால்தான் கிழிந்ததா, ஏற்கெனவே கிழிந்த வலியோடுதான் நோயாளி அங்கு போனாரா என்பதில் விவாதம் உண்டு. எனினும் கழுத்தைத் திருப்பும் முன் இதை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் அறிவுறுத்தியது. கழுத்துவலிக்கு உடற்பயிற்சி போன்ற வேறு வழிகள் இருக்கும்போது இந்தச் சூதாட்டம் வேண்டாம் என்பதே நம் கருத்து. முடி வெட்டி முடித்ததும் சலூனில் கழுத்தைச் சொடுக்கிக்கொள்ளும் பழக்கத்திற்கும் இது பொருந்தும்.

பிறகு தகுதி. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இத்தொழிலுக்கு உரிமம் உண்டு. பிரிட்டனில் 1994-இல் தனிச் சட்டமே வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வகுத்த நெறிமுறைப்படி முழுப் படிப்புக்கு 4,200 மணி நேரத்திற்குக் குறையாத பயிற்சி வேண்டும். நம் நாட்டில் கைரோபிராக்டிக்கிற்கென்று தனிச் சட்டமோ பதிவுக் கவுன்சிலோ இல்லாததால், முறையாகப் படித்தவரும் சில நாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவரும் ஒரே மாதிரிப் பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது. சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லையே.

பண விஷயத்திலும் அப்படித்தான். முப்பது முறை வர வேண்டும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று முதல் நாளே சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தந்த முறைக்கு அன்றன்று பணம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். நான்கைந்து முறைக்குள் குனியவும் நிமிரவும் சற்றேனும் எளிதாகவில்லை என்றால், அதோடு நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்க்க வேண்டும்.