எண்ணூரில் பிறந்த எஞ்சின்

நம் தீவுகளிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்குவோர், கடற்கரையோரமாக வடக்கே சென்றால் எண்ணூரை அடைவர். இந்திய மோட்டார்த் தொழில் வரலாற்றில் இவ்வூருக்குத் தனியிடம் உண்டு.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், 1948இல், இரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அசோக் என்பது அவர்தம் மகனின் பெயர். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஆஸ்டின் மகிழுந்தின் உறுப்புகள் எண்ணூரில் பொருத்தப்பட்டன. எனினும், பொருத்துதல் வேறு; ஆக்குதல் வேறு. உறுப்புகள் கடல் கடந்து வரும்வரை தொழில் பிறரையே சார்ந்திருக்கும்.

பின்னர் இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. 1955இல் நிறுவனம் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. சரக்குந்தும் பேருந்தும் அதன் முதன்மைப் பணியாயின.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. மிகுதியாக அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே எரிபொருள் எரிகிறது. அவ்வழுத்தத்தைத் தாங்கும் சிலிண்டர் தொகுதியைக் குறையின்றி வார்த்தல் அரிய கலை. அத்தகைய இரும்பு வார்ப்புகளுக்காக 1959இல் எண்ணூர் ஃபவுண்டரீஸ் நிறுவப்பட்டது. இவ்வாறு, பொருத்திய கைகள் படிப்படியாக ஆக்கவும் கற்றன. தற்சார்பு என்பது ஒரு நாளில் வருவதன்று. ஒவ்வோர் உறுப்பாகக் கற்று எய்துவது.

சொற்பொருள்
எய்துதல் – அடைதல்
தற்சார்பு – பிறரைச் சாராமை

வினாக்கள்
1. டீசல் எஞ்சினில் எரிபொருள் எவ்வாறு எரிகிறது?
2. ‘பொருத்துதல் வேறு; ஆக்குதல் வேறு’ – விளக்குக.
3. நம் தீவுகளுக்குக் கப்பலில் வரும் பொருள்களுள், இங்கேயே ஆக்கத்தக்கது ஒன்றைக் கூறிக் காரணம் தருக.