செடிக்குத் தொட்டால் தெரியுமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் நடந்த தமிழ் விழாவில் பேசியவர், உயிர்களை ஆறறிவாகப் பகுத்த தொல்காப்பியரிடமிருந்துதான் அரிஸ்டாட்டில் தம் உயிர்க் கொள்கையை எடுத்துக்கொண்டார் என்றார். பந்தல் முழுக்கக் கைதட்டல். திருவனந்தபுரத்தில் தத்துவம் படிக்கும் என் மகளோ, "அங்கிருந்து இங்கே வந்திருக்கவும் கூடுமே அப்பா" என்கிறாள். தொல்காப்பியத்தைக் கேட்டு ஏற்ற அதங்கோட்டாசான் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் சொந்த அக்கறையும் உண்டு. யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நெய்யூர்

பதில்: இரண்டுக்குமே சான்று கிடையாது. கைதட்டு வாங்கியவர் சொன்னது கூடுதல் கஷ்டம். அரிஸ்டாட்டில் இறந்தது கி.மு. 322இல். தொல்காப்பியத்தின் காலமே முடிவாகாத வழக்கு. அதிலும் உயிர்ப் பகுப்பு வரும் மரபியல் என்ற இயல் பிற்காலச் சேர்க்கை என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அலெக்சாந்தர் கி.மு. 326இல் பஞ்சாப் வரை வந்தார் என்று அடுத்த வாதத்தை எடுப்பார்கள். அப்போது அவருடைய பழைய ஆசிரியரான அரிஸ்டாட்டில் ஏதென்சில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பஞ்சாபுக்கும் பாண்டி நாட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தையும் மறந்துவிடக் கூடாது.

யவனர் இங்கே வந்தது உண்மைதான். ஆனால் முசிறித் துறைமுக வணிகம் பற்றி நம் கைக்குக் கிடைத்திருக்கும் கிரேக்க ஆவணம், வியன்னாவில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசுத் தாள், ஒரு கடன் ஒப்பந்தம். ஒரு பக்கம் கடன் நிபந்தனை, மறுபக்கம் சரக்குக் கணக்கு. தத்துவம் அந்தக் கப்பலில் ஏறியதாகத் தெரியவில்லை.

தேதிச் சண்டையை விடுங்கள். இரண்டு நூல்களையும் திறந்து அருகருகே வைத்தாலே விஷயம் விளங்கிவிடும். தொல்காப்பியர் எண்ணுவது புலன்களை. புல்லும் மரமும் ஓரறிவு, அதாவது தொடு உணர்வு மட்டும். அதன்மேல் சுவை, மோப்பம், பார்வை, கேள்வி என்று ஒவ்வொன்றாகக் கூடி, மனம் சேரும்போது மனிதர். அரிஸ்டாட்டில் 'ஆன்மாவைப் பற்றி' என்ற நூலில் எண்ணுவது உயிர் செய்யும் வேலைகளை: உண்டு வளர்ந்து இனம் பெருக்குவது செடிக்கும் உண்டு, உணர்வது விலங்குக்கு, சிந்திப்பது மனிதருக்கு.

மேடையில் இது சின்ன வேறுபாடாகத் தோன்றும். செடியிடம் வந்தால் அப்படியில்லை. தொல்காப்பியருக்குத் தொடு உணர்வுதான் செடியின் அடையாளமே. அரிஸ்டாட்டிலுக்கோ தொடு உணர்வு இருந்தால் அது விலங்கு. செடிக்குக் கிடையவே கிடையாது. அவர் அதை யோசிக்காமல் விட்டவருமல்லர். செடியும் சூடாகிறது, குளிர்கிறது. பிறகு ஏன் அது உணர்வதில்லை என்று இரண்டாம் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் தாமே கேட்கிறார். சூடாவது வேறு, சூட்டை அறிவது வேறு; சூட்டுக்கும் குளிருக்கும் நடுநிலையாக நின்று இரண்டையும் பிரித்தறியும் ஒன்று செடியிடம் இல்லை என்பது அவர் விடை. தொல்காப்பியரிடம் கடன் வாங்கிய ஆள், வாங்கிய சரக்கின் முதல் படியையே மறுத்திருப்பாரா?

வேடிக்கை என்னவென்றால், அரிஸ்டாட்டிலின் ஆசிரியர் பிளேட்டோ 'திமாயுஸ்' உரையாடலில் செடிக்கு இன்ப துன்ப உணர்வும் விருப்பமும் உண்டு என்கிறார். நமக்குக் கிரேக்கச் சொந்தம் தேடியே தீரவேண்டுமென்றால் அவர்தான் கிட்டே வருகிறார். எந்த மேடையும் அவரை அழைப்பதில்லை.

உண்மையான பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றால் சமணர். உமாசுவாதியின் தத்வார்த்த சூத்திரத்திலும் உயிர்கள் புலன் எண்ணிக்கையால்தான் ஏறுகின்றன. தொடுதல், சுவை, மோப்பம், பார்வை, கேள்வி என்ற வரிசையும் அதுவே. எறும்பு இரண்டிலும் மூன்றாம் படியில் நிற்கிறது. தும்பி வகை இரண்டிலும் நான்காம் படியில். மனம் உடையவை, இல்லாதவை என்ற பிரிவும் அங்கே உண்டு. தொல்காப்பியரைச் சமணர் என்று தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை வாதிட்டதற்கு இந்தப் பகுப்பும் ஒரு காரணம். ஆசிரியர் சமணரா என்பதில் எனக்கு உறுதியில்லை. பகுப்பு அந்த மரபுக்கு உறவு என்பதில் ஐயமில்லை. நீங்கள் மார்த்தாண்டம் வழியே சிதறால் மலைக்கு ஒருநாள் போய்வரலாம். பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டும் இருக்கின்றன. தொல்காப்பியத்துக்கு மிகப் பிந்தியவை, சான்றாகக் காட்டவில்லை. அந்தச் சிந்தனை உங்கள் ஊருக்கு எவ்வளவு கிட்டத்தில் வாழ்ந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

மரபியலில் இன்னொரு பகுதியும் இருக்கிறது, இதைவிட அழகு. வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று ஒரு பிரிப்பு. அதன்படி உங்கள் பனையும் தென்னையும் புல். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு ஒருவித்திலைக் கூட்டத்தில்தான் வைக்கிறது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோப்ராஸ்டஸ் மரம், புதர், குறுஞ்செடி, பூண்டு என்று பிரித்தவர். அவரிடம் பனைக் குடும்பம் மரத்தோடு போய்விட்டது.

உங்கள் மகள் சொன்னதிலும் ஓர் உண்மை இருக்கிறது, காலம்தான் வேறு. அரிஸ்டாட்டிலின் உயிர்க் கொள்கை தமிழுக்கு நிஜமாகவே வந்தது, மிகத் தாமதமாக, நெடுந்தூரம் சுற்றிக்கொண்டு. 9ஆம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் 'ஆன்மாவைப் பற்றி' நூலை அரபியாக்கினார். ஸ்பெயினின் குர்துபாவைச் சேர்ந்த இப்னு ருஷ்து (1126–1198) அதற்கு உரை எழுதினார். அந்த உரை இலத்தீனுக்குப் போய், தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) அதோடு மல்லுக்கு நின்று, கிறித்தவ இறையியலுக்குள் அரிஸ்டாட்டிலைக் குடியேற்றினார். அந்தப் படிப்பை ரோமில் படித்த துறவி ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து, ஆன்மாவைப் பற்றி 'ஆத்தும நிருணயம்' என்று தமிழிலேயே நூல் எழுதினார். மறுபிறப்பை மறுத்தும் எழுதினார். பாக்தாதின் முஸ்லிம் ஆட்சியில் ஒரு கிறித்தவர் மொழிபெயர்த்து, முஸ்லிம் ஒருவர் உரை சொல்லி, இத்தாலியத் துறவிகள் கைமாற்றிய கிரேக்கச் சரக்கு அது. தத்துவ மாணவிக்கு ஆய்வுத் தலைப்பு வேண்டுமென்றால் இதைவிட நல்லது கிடைக்காது. தமிழும் இலத்தீனும் படித்தவர்கள் குறைவு என்பதால் போட்டியும் இல்லை.

அதங்கோட்டாசான் விஷயம்: விளவங்கோடு பக்கத்து அதங்கோடுதான் அவர் ஊர் என்பது பெயரை வைத்துச் சொல்லப்படுவது; அந்த உரிமையை நான் உங்களிடமிருந்து பறிக்கப்போவதில்லை. தொல்காப்பியப் பாயிரம் அவரை நான்கு வேதமும் கற்றவர் என்கிறது. அப்படிப்பட்டவர் முன்னால், சமண மணம் வீசும் இந்தப் பகுப்பும் அன்றே படிக்கப்பட்டிருந்தால், அவர் என்ன கேள்வி கேட்டிருப்பார் என்று பாயிரம் சொல்லவில்லை. மரபியலைப் பேராசிரியர் என்ற பழைய உரைகாரரின் உரையோடு முழுக்கப் படியுங்கள். மகளை 'ஆன்மாவைப் பற்றி' நூலின் இரண்டாம் புத்தகத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள், முதல் புத்தகம் பழைய கொள்கைகளோடு வழக்காடுவது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.