நீளம் சொல்லாத அணி: சி மொழியில் ஒரு பாடம்



க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் நீங்கள் பைதன் மொழியில் பட்டியல் எழுதிப் பழகியவர்கள். எத்தனை பெறுமானம் சேர்த்தாலும் அப்பட்டியல் தானாகவே நீண்டு இடம் கொடுக்கும். ஆனால் வன்பொருளோடு நேரே பேசும் சாதனச் செலுத்திகள் பெரும்பாலும் சி மொழியிலேயே எழுதப்படுகின்றன. அங்கே அணி தானாக நீளாது. எத்தனை பைற்று இடம் வேண்டும் என்று எழுதுபவரே கணக்குப் பார்த்துக் கேட்க வேண்டும். அந்தக் கணக்கு பிசகாமல் இருக்க லினக்ஸ் பணிசெயல் முறைமையில் செய்யப்பட்ட ஒரு திருத்தத்தை இங்கே விளக்க விரும்புகிறேன்.

நமது இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்தே ஓர் உதாரணம் எடுப்போம். கொழுந்து பறிப்பவர் ஒருவரின் கொழுந்து ஒரு நாளில் இரண்டு முறை நிறுக்கப்படலாம், மூன்று முறையும் நிறுக்கப்படலாம். அவருடைய பதிவில் முதலில் ‘எத்தனை நிறுவை’ என்ற எண் இருக்கட்டும். அதன் பின்னால் ஒவ்வொரு நிறுவையின் கிலோக் கணக்கு வரட்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் 4 பைற்று என்று கொண்டால், மூன்று நிறுவைக்கு 4 + 12 = 16 பைற்று வேண்டும். வலையமைப்பு அட்டை வழியாக வரும் தரவுப் பொதியின் அமைப்பும் இதைப் போன்றதுதான். முன்னால் ஒரு தலைப்பு, பின்னால் நீளம் முன்கூட்டித் தெரியாத தரவு.

இதை அறிவிக்கப் பழைய செய்நிரலாளர்கள் இரண்டு உபாயங்களைக் கையாண்டார்கள். ‘நிறை[1]’ என்று ஓர் இடத்தை மட்டும் அறிவித்துவிட்டு, மிகுதி நினைவகத்தைத் தனியே கேட்டு வாங்குவது ஒன்று. ஜிஎன்யூ தொகுப்பி அனுமதித்த ‘நிறை[0]’ மற்றொன்று. இரண்டிலும் எழுதியிருக்கும் எண் உண்மையான எண் அல்ல. 1999ஆம் ஆண்டின் சி மொழி நியமம், அடைப்புக்குறியை வெறுமையாக விட்டு ‘நிறை[ ]’ என்று எழுதும் முறையைத் தந்தது. நீளம் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லும் முறை இது.

ஆனாலும் பழைய எழுத்து லினக்ஸின் கருப்பகுதியில் நெடுங்காலம் தங்கிவிட்டது. குஸ்தாவோ சில்வா, கீஸ் குக் முதலிய செய்நிரலாளர்கள் பல ஆண்டுகளாகக் கோப்புக் கோப்பாக அதை மாற்றி வந்தார்கள்.

எண்ணை அழித்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. இங்கேதான் கவனம் வேண்டும். ‘நிறை[1]’ என்று இருந்தபோது கட்டமைப்பின் அளவு 8 பைற்று. ஓர் இடம் ஏற்கெனவே அதற்குள் இருப்பதால், மூன்று நிறுவைக்கு 8 + (3 − 1) × 4 = 16 என்று ஒன்றைக் கழித்துக் கணக்கிட்டார்கள். ‘நிறை[ ]’ என்று மாற்றியதும் கட்டமைப்பின் அளவு 4 ஆகிவிடும். இப்போது கழித்தலை நீக்காமல் விட்டால் 4 + (3 − 1) × 4 = 12 பைற்றுதான் கிடைக்கும். காலை, பகல் நிறுவைகளுக்கு இடம் உண்டு. மாலை நிறுவைக்கு இல்லை. அது வேறொருவருக்கு உரிய இடத்தின் மேல் எழுதப்படும். செலுத்தியில் இப்படி நடந்தால் இயந்திரம் நின்றுபோகலாம். பிறர் உள்ளே நுழைய வழியும் திறக்கலாம். நம் வீடுகளில் இருக்கும் அண்ட்ரொயிட் கைபேசிகளும் லினக்ஸ் கருவிலேயே இயங்குகின்றன என்பதைப் பெற்றோரும் மனங்கொள்ள வேண்டும். ஆகவே அறிவிப்பை மாற்றுபவர், அந்தக் கட்டமைப்பு பயன்படும் ஒவ்வோர் இடத்தையும் தேடிப் படித்தே ஆக வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு மாற்றுவதால் மூன்று நன்மைகள் உண்டு.

முதலாவது, ‘நிறை[ ]’ கட்டமைப்பின் கடைசியிலேயே வர வேண்டும். நடுவில் வைத்தால் தொகுப்பி பிழை காட்டும். லயத்தில் கடைசிக் காம்பறாவைத்தானே பக்கவாட்டில் நீட்டிக் கட்டலாம்? நடுக் காம்பறாவை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவர் இடிபடும். ‘நிறை[0]’ நடுவில் இருந்தாலோ தொகுப்பி பேசாமல் விட்டுவிடும்.

இரண்டாவது, ‘நிறை[0]’ எத்தனை பைற்று என்று கேட்டால் 0 என்ற விடை வரும். அந்தத் தவறான விடையோடு செய்நிரலும் ஓடும். ‘நிறை[ ]’ பற்றிக் கேட்டால் தொகுப்பி அங்கேயே நிறுத்திவிடும்.

மூன்றாவது, கட்டமைப்பின் கடைசியில் எந்த அணி வந்தாலும், அதன் எண் என்னவாக இருந்தாலும், அது நீளக்கூடியது என்றே தொகுப்பிகள் முன்பு எண்ணின. அதனால் எல்லை மீறலைச் சோதிக்க முடியவில்லை. 2023இல் வெளிவந்த லினக்ஸ் 6.5 பதிப்பிலிருந்து, வெறும் அடைப்புக்குறி உள்ளதை மட்டுமே நீளக்கூடியதாகக் கொள்ளும்படி தொகுப்பி பணிக்கப்படுகிறது. மற்ற அணிகளுக்கு எல்லைக் காவல் கிடைத்தது.

இதோடு வேறொன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. செய்நிரல் ஓடும்போது நீளம் முடிவாகி, அடுக்கு நினைவகத்தில் இடம் பிடிக்கும் ‘மாறும் நீள அணி’ வேறு. கருவின் அடுக்கு மிகச் சிறியது. 64 பிற்று இன்டெல் வகைக் கணினிகளில் 16 கிலோபைற்றுதான். அது நிரம்பி வழியும் ஆபத்து இருந்ததால் 2018இல், 4.20 பதிப்போடு, அவ்வகை அணிகள் கருவிலிருந்து அகற்றப்பட்டன.

லினக்ஸின் மூலநிரலை யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். மலைத் தோட்டத்து வீட்டிலிருக்கும் சாதாரணக் கணினியே அதற்குப் போதும். திருத்தம் சரியாக இருந்தால், அதை அனுப்பியவரின் பெயரோடு அது ஏற்கப்படும்.

பயிற்சி: ஒரு நாளில் ஐந்து நிறுவை என்றால் பழைய முறையிலும் புதிய முறையிலும் எத்தனை பைற்று வேண்டும்? கழித்தலை நீக்க மறந்தால் எத்தனை பைற்று குறையும்? கொப்பியில் கட்டம் கட்டமாக வரைந்து பாருங்கள். முதல் கேள்விக்கு இரு முறையிலும் 24 வர வேண்டும்.