உறங்கும் சுயோதனன்: இளையோர் மிகுபுனைவிலும் விழுப்புரம் வட்டாரப் படுகளத்திலும் எதிர்த்தலைவன்

முன்னுரை

பாரதக் கதையின் எதிர்த்தலைவனான துரியோதனனுக்குச் சுயோதனன் என்ற பெயரும் உண்டு. போரில் வெல்லுதற்கு அரியவன் என்பது முன்னதன் பொருள். நன்கு போர் புரிபவன் என்பது பின்னதன் பொருள். அமெரிக்க எழுத்தாளர் ரோஷனி சோக்ஷி ஆங்கிலத்தில் எழுதிய ஆரு ஷா நாவல் தொடர் 2018 முதல் 2022 வரை ஐந்து நூல்களாக வெளிவந்தது. ரிக் ரியோர்டன் பெயரில் அமைந்த பதிப்பு வரிசையின் முதல் வெளியீடு இத்தொடரின் முதல் நூலே. இதன் எதிர்த்தலைவனுக்கு ஆசிரியர் இட்டுள்ள பெயர் சுயோதனன். கதை நெடுகிலும் அவன் 'உறங்குபவன்' என்றே சுட்டப்படுகிறான். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த திரௌபதி அம்மன் கோயில்களின் விழா நிறைவில் துரியோதனன் களிமண் உருவாகத் தரையில் மல்லாந்து கிடக்கிறான். தீயவன் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒருவனுக்காக இரங்குவதற்கு இவ்விரு மரபுகளும் எத்தகைய நிபந்தனையை முன்வைக்கின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

நாவலில் பகையும் உறவும்

பன்னிரண்டு வயதுச் சிறுமியான ஆரு, அட்லாண்டா நகர அருங்காட்சியகம் ஒன்றில் உள்ள பாரத விளக்கை ஏற்றிவிடுகிறாள். அதனுள் அடைபட்டிருந்த உறங்குபவன் விடுதலை பெறுகிறான், காலம் உறைகிறது. ஆரு அருச்சுனனின் மறுபிறப்பு என்பதும், உறங்குபவன் அவளுடைய தந்தை என்பதும், அவனை விளக்கில் சிறைவைத்தவள் அவளுடைய தாயே என்பதும் பின்னர்த் தெரியவருகின்றன. நாவலின் துணிவு இங்கேதான் உள்ளது. பங்காளிப் பகையைப் பெற்றோர் பிள்ளை உறவாக அது மாற்றிவிடுகிறது. அருச்சுனனின் உயிர் சுயோதனன் என்னும் பெயருடையான் வீட்டில் பிறக்கிறது.

இப்பாத்திரத்தை மூலக் காப்பியத் துரியோதனனாகவே கொள்வது பொருந்தாது. பெயரும் பகையும் மட்டுமே அங்கிருந்து பெறப்பட்டவை. ஆயினும் அப்பெயர்த் தேர்வு பொருளற்றதன்று. வாசிக்கும் சிறாருக்கு அவன்பால் இரக்கம் தோன்றவேண்டிய இடங்களில் ஆசிரியர் அவனுடைய முன்வாழ்வைக் காட்டுகிறார்: அவனும் ஒரு காலத்தில் அன்புடைய கணவன், மகளை எதிர்நோக்கிய தந்தை. தீமைக்கு ஒரு காரணம் கிடைத்த பின்னரே இரக்கத்துக்கு வழி திறக்கிறது.

படுகளத்தில் பகையும் இரங்கலும்

வடதமிழகத் திரௌபதி வழிபாட்டின் மையமாகச் செஞ்சிப் பகுதியை, குறிப்பாக மேலச்சேரியை, ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இலும் 1991இலும் வெளிவந்த தம் இரு தொகுதிகளில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, நிறைவில் படுகளமும் தீமிதியும் என்பது விழாவின் பொது ஒழுங்கு. பிரசங்கத்துக்கு அடிப்படையாகும் பாரதத்தை இயற்றிய வில்லிபுத்தூராரும் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரைச் சார்ந்தவர் என்பது மரபு. ஏறத்தாழ இதே நிலப்பகுதி. பத்துப் பருவங்களைக் கொண்ட அவருடைய நூல் போர் முடிவோடு நின்றுவிடுகிறது. படுகளமும் அங்கேயே நிற்கிறது. வென்றவர் அரசாண்ட கதையில் கூத்துக்கு அக்கறை இல்லை.

பதினெட்டாம் போர்க் கூத்து விடிய விடிய நிகழ்ந்து, காலையில் மண்ணுருவைச் சுற்றிய களத்துக்கு நகர்கிறது. வீமன் தொடையில் அடிக்கிறான். அங்கு வைக்கப்பட்ட செந்நீர் குருதியாகிறது. விரித்த கூந்தலை அதைக்கொண்டு திரௌபதி முடிக்கிறாள். சூளுரை நிறைவேறிய கணம் அது. கூடியிருப்போர் அனைவரும் அம்மன் பக்கமே நிற்கின்றனர். அதே களத்தில் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வேடம் புனைந்த கூத்தர் அவ்வுருவின் அருகே ஒப்பாரி வைக்கிறார். சிற்றூர்ச் சாவு வீட்டில் கேட்கும் அதே ஒப்பாரி மெட்டு, அதே மார்படிப்பு. அம்மனுக்காக வந்த பெண்கள் அதற்கும் காது கொடுக்கின்றனர்.

இங்குத் துரியோதனன் செய்த எதற்கும் விளக்கம் தரப்படவில்லை. சபையில் இழைத்த கொடுமை குறையவுமில்லை. துகிலுரிதல் கூத்தில் துச்சாதனன் வேடமிட்டவர் சேலையைத் தொடுமுன் சூடம் ஏற்றி, தாம் நடிப்பவர் மட்டுமே எனக் கூறி அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டும் வழக்கம், அக்கொடுமை எவ்வளவு மெய்யாகக் கருதப்படுகிறது என்பதற்குச் சான்று. குற்றம் முழுமையாக நிற்க, அழுகையும் முழுமையாக நிற்கிறது.

இரக்கத்தின் நிபந்தனை

தீயவனை 'மனிதனாக்குதல்' இக்கால இளையோர் இலக்கியத்தின் புதுமை எனப் பாராட்டப்படுவதுண்டு. இப்பாராட்டு மரபை அறியாமல் எழுந்தது. தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனை அவலத் தலைவனாக்கி 'ஊருபங்கம்' இயற்றினார் பாசர். கேரளத்தில் பொருவழி பெருவிருத்தி மலநடையில் அவன் வழிபடவே படுகிறான். விழுப்புரம் வட்டாரமோ இவ்விரண்டினின்றும் வேறுபடுகிறது: அது அவனைத் தலைவனாகவும் ஆக்கவில்லை, தெய்வமாகவும் ஆக்கவில்லை. பகைவனாகவே வைத்துக்கொண்டு அவனுக்காக அழுகிறது.

நாவலின் வழி நவீன வாசிப்பின் வழி. செயலுக்குக் காரணம் தனிமனித வரலாற்றில் தேடப்படுகிறது; காரணம் தெரிந்தால் மன்னிப்பு எளிதாகிறது. அதில் ஓர் இடரும் உண்டு. காரணம் இல்லாத தீமையின் முன் அவ்வாசிப்பு செயலற்றுப் போகும். கூத்தில் இரங்குவதற்கான உரிமை இறந்தவனின் தகுதியிலிருந்து பிறப்பதில்லை. அழுபவளின் உறவிலிருந்து பிறக்கிறது. ஆருவுக்கும் அவ்வுறவு உண்டு என்பதால், தந்தை எனத் தெரிந்த கணத்தில் அவள் தடுமாறும் பகுதியே நாவலில் படுகளத்துக்கு மிக நெருங்கிய இடம். விளக்கங்கள் பின்னர் வருகின்றன. தடுமாற்றம் அவற்றுக்கு முன்பே வந்துவிடுகிறது.

சடங்கு முடிந்ததும் மண்ணுருவிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சென்று வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் இவ்வட்டாரத்தில் உண்டு. அம்மண் வளம் தரும், காக்கும் என்பது நம்பிக்கை. மாலையில் தீமிதிக்குக் கூட்டம் நகரும்போது, களத்தில் எஞ்சியிருப்பது உருக்குலைந்த ஒரு மண்மேடு.