விமானி உரிமத் தேர்வும் நமது கடற்கரையும்

தேர்வுக்குச் செல்லும் மாணவர் உதவி கேட்டு மன்றாடும் புனிதர் ஒருவர் உண்டு. அவர் இத்தாலி நாட்டுக் கூப்பர்த்தீனோ ஊரின் புனித சூசை. 17ஆம் நூற்றாண்டுத் துறவியான இவர் படிப்பில் மிகவும் பின்தங்கியவர். குருப்பட்டத் தேர்வில் முதலில் வினவப்பட்டவர்கள் நன்கு விடையளிக்கவே, ஆயர் மற்றவர்களைக் கேளாமலே தேர்ச்சி வழங்கினார் என்றும், அந்த மற்றவர்களில் இவரும் ஒருவர் என்றும் கூறுவர். செபிக்கும்போது தரையை விட்டு மேலெழுந்தவர் என்பதால் விமானிகளும் இவரைப் பாதுகாவலராகக் கொண்டுள்ளனர். ஆனால் விமானிகளின் எழுத்துத் தேர்வில் எவரையும் கேளாமல் விடுவதில்லை! சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நடத்தும் அத்தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 70 பெற்றாக வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை என்பது ஓர் ஆறுதல்.

வழிகாணல், வானிலை இயல், வான் விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகியவை பாடங்கள். வானொலியில் பேசும் முறைக்குத் தனித் தேர்வு உண்டு. பெயர்களைக் கேட்டதும் நாங்களும் மலைத்தோம். புத்தகத்தைத் திறந்த பிறகோ, பாதி நமது ஊரைப் பற்றியதே என்று தோன்றியது.

முதலில் வழிகாணலைப் பார்ப்போம். அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்திற்குப் பேருந்தில் திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் செல்கிறோம். வானில் நேர்கோட்டில் சென்றால் ஏறத்தாழ 13 கடல் மைல்தான். மணிக்கு 90 கடல் மைல் வேகமுள்ள பயிற்சி விமானம் காற்றில்லாத வேளையில் போய்த் திரும்ப 17 நிமிடம் 20 விநாடி ஆகும்.

இப்போது 15 கடல் மைல் வேகக் கடற்காற்று போகும்போது நேர் எதிராகவும், திரும்பும்போது நேர் பின்னாலும் வீசுவதாகக் கொள்வோம். "போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாம், நேரம் மாறாது" என்று எங்களில் அனைவருமே விடை எழுதினோம். அனைவருக்கும் பூஜ்யம்! போகும்போது வேகம் 75. ஆகும் நேரம் 10 நிமிடம் 24 விநாடி. வரும்போது வேகம் 105. ஆகும் நேரம் 7 நிமிடம் 26 விநாடி. மொத்தம் 17 நிமிடம் 50 விநாடி. எதிர்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம். பின்காற்றிலோ குறைந்த நேரமே இருக்கிறோம். ஆகவே இழப்பு ஈடாவதில்லை. எரிபொருளைக் கணக்கிடும் விமானிக்கு இது விளையாட்டன்று.

அந்தக் கடற்காற்றே வானிலைப் பாடத்தின் தொடக்கம். நண்பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. அதன் மேலுள்ள காற்று எழ, கடலின் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மாமல்லபுரத்தில் குளிர்ந்த பின்னரே செங்கல்பட்டுக்கு அது எட்டும். புயலுக்கும் ஒரு விதி உண்டு. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் குறைந்த அழுத்தம் நமது இடப்புறம் இருக்கும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறியது. அது தென்கிழக்கே கடலில் இருக்கையில் நமக்கு வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். அதற்கு முதுகைக் காட்டினால் இடக்கை தென்கிழக்கையே சுட்டும். (இதைச் சோதிக்கப் புயல் நாளில் கடற்கரைக்குப் போக வேண்டாம். மொட்டை மாடியும் வேண்டாம்.)

வான் விதிகள் மனப்பாடம்தான். ஆயினும் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் மேல் ஏன் பறக்கக்கூடாது, வடக்கே தாம்பரம் விமானப்படைத் தளத்தருகே ஏன் அனுமதி வேண்டும் என்று எண்ணிப் படித்தால் மறக்காது.

இதைவிடக் கடினமான தேர்வு ஒன்றை நாம் பத்தாம் வகுப்பு முடித்ததும் எழுதிவிடுகிறோம். மேல்நிலையில் எந்தப் பிரிவு என்பதே அது. வணிக விமானி உரிமத்திற்கு மேல்நிலையில் இயற்பியலும் கணிதமும் கேட்பது இதுவரையிலான வழக்கம். அதைத் தளர்த்தும் யோசனை 2025இல் பேசப்பட்டது. ஆகவே நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளவும். எங்கள் தோழி ஒருத்திக்கு விமானி ஆக ஆசை. வீட்டில் தடையேதும் இல்லை. கணக்குக்கு அஞ்சி அவளே வேறு பிரிவை எடுத்தாள். இப்போது திறந்தநிலைப் பள்ளி வழியாக அவ்விரு பாடங்களையும் எழுதத் தயாராகிறாள். ஓராண்டு போயிற்று; ஆசை போகவில்லை.

செலவும் சிறிதன்று. உரிமத்திற்கு வேண்டிய 200 மணி நேரப் பறத்தலுக்குப் பல இலட்சம் ரூபாய் ஆகும். விமானப்படையில் தேர்வானால் பயிற்சிச் செலவு அரசுடையது. முன்னோடிகளும் நமக்கு உண்டு. சென்னையில் வாழ்ந்த உஷா சுந்தரம் 1949இல் பெங்களூர் ஜக்கூர்ப் பள்ளியில் பயிற்சி முடித்தார். 1951இல் தம் கணவருடன் சென்னை அரசுக்கான 'டவ்' விமானத்தை இங்கிலாந்திலிருந்து 27 மணி நேரத்தில் இந்தியாவுக்கு ஓட்டிவந்தார். ப்ளூ கிராஸ் அமைப்பை நிறுவிய தம்பதியரும் இவர்களே.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. மேற்சொன்ன பயணத்தில் காற்றின் வேகம் 30 கடல் மைலானால் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்?

விடை: 19 நிமிடம் 30 விநாடி.