கூப்பர் ஓடைக்கரையில் கற்றதும் கல்லாததும்

காட்டில் உயிர்பிழைக்கும் கலையை முகாமிட்டுக் கற்பிக்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் உள்ளது. தீ மூட்டல், நீர் தேடல், குடில் அமைத்தல், உண்ணத்தகும் செடியை அறிதல் என்பன அம்முகாம்களின் பாடங்கள். முதல் மூன்றைச் சில நாள்களில் ஒருவாறு பழகிவிடலாம். நான்காவது அத்தகையதன்று. செடியை அறிதல் வேறு. அதனை உணவாக்கும் முறையை அறிதல் வேறு. இவ்வேறுபாட்டை விளக்கும் நிகழ்ச்சியொன்றை ஆஸ்திரேலிய வரலாற்றிலிருந்து எடுத்து ஈண்டு ஆராய்வோம்.

1860 ஆகஸ்டு 20ஆம் நாள் ராபர்ட் ஓஹாரா பர்க் தலைமையில் ஒரு குழு மெல்பர்னிலிருந்து புறப்பட்டது. கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடப்பது அதன் நோக்கம். கூப்பர் ஓடைக்கரையில் முகாம் அமைத்துச் சிலரை அங்கே நிறுத்திவிட்டு, பர்க், வில்ஸ், கிங், கிரே என்னும் நால்வர் டிசம்பரில் வடக்கே சென்றனர். வடகடற்கரையின் சதுப்பு நிலம் வரை சென்று மீளும் வழியில் கிரே இறந்தார். அவரை அடக்கம் செய்ய ஒரு நாள் கழிந்தது. எஞ்சிய மூவர் 1861 ஏப்ரல் 21 மாலையில் முகாமை அடைந்தனர். நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்த தோழர்கள் அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தனர்! கிரேயின் பொருட்டுக் கழிந்த அந்த ஒரு நாளை எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை.

அவ்வோடைக்கரை வெறும் பாலையன்று. அது யாண்ட்ருவாந்தா மக்களின் வாழ்விடம். அவர்கள் மூவருக்கும் மீனும், ‘நார்டூ’ என்னும் செடியின் மாவில் செய்த அப்பமும் தந்தனர். நார்டூ, நம் வயல் ஓரங்களில் நாலிலை விரித்து நிற்கும் ஆரைக்கீரையின் இனத்தது. நாம் இலையைச் சமைக்கிறோம். அம்மக்களோ அதன் வித்துப் போன்ற கடினமான உறையை அரைத்து உண்டனர். நார்டூ மரத்தில் காய்ப்பது என்றே மூவரும் முதலில் எண்ணினர். அது தரையில் படர்ந்திருப்பதைக் கிங் கண்டபோது, இனிப் பட்டினி இல்லை என்று மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சி நிலைக்கவில்லை. நாள்தோறும் நார்டூவைத் திரட்டி இடித்து உண்டும் உடல் மெலிந்தது, கால்கள் தளர்ந்தன. உணவு நிறைவளிக்கிறது, வலிமையோ குன்றுகிறது என்னும் பொருளில் வில்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். காரணம் அவருக்கு விளங்கவில்லை. நார்டூவில் தயமினேஸ் என்னும் நொதி மிகுதி; அது உடலுக்கு வேண்டிய பி1 உயிர்ச்சத்தைச் சிதைப்பது. அச்சத்துக் குறைந்தால் பெரிபெரி நோய் வரும். அம்மக்கள் மிகுந்த நீர் விட்டு அரைத்துக் கூழாக்கிச் சிப்பியால் உண்ட முறை நொதியின் தீமையைக் குறைத்தது என்றும், வெள்ளையர் அம்முறையைக் கைக்கொள்ளவில்லை என்றும் எர்ல், மெக்லியரி என்னும் ஆய்வாளர் இருவர் 1994இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். இஃதொன்றே காரணம் என்பதை அறிஞர் அனைவரும் ஏற்கவில்லை. பொதுவான உணவுக்குறைவும் குளிரும் சேர்ந்தே கொன்றிருக்கலாம்.

ஆயினும், கேட்டறிய வாய்ப்பிருந்ததே என்னும் வினா எஞ்சுகிறது. பழக இடங்கொடுத்தால் அம்மக்கள் ஓயாது வந்து சூழ்வர் என்று பர்க் அஞ்சினார். அவர்கள் கொண்டுவந்த மீனைத் தட்டிவிட்டுத் துப்பாக்கியால் வெருட்டவும் செய்தார் என்பது கிங்கின் வாக்குமூலம். ஆசிரியரை விரட்டிவிட்டுப் பாடம் படிக்க முயன்ற கதை இது என்றே நாம் கருதுகிறோம். பின்னர் அவர்களைத் தேடிப் புறப்பட்ட பர்க் வழியிலேயே இறந்தார். முகாமில் தனித்திருந்த வில்ஸும் மாண்டார்.

கிங் மட்டும் யாண்ட்ருவாந்தா மக்களிடம் போய்ச் சேர்ந்தார். அவர்களுக்காகப் பறவைகளைச் சுட்டுக் கொடுத்தார். ஒரு பெண்ணின் கைப்புண்ணைக் கழுவி மருந்திட்டார். அவர்கள் அவருக்குக் குடில் அமைத்துக் கொடுத்து, மீனும் நார்டூவும் பகிர்ந்தளித்தனர். 1861 செப்டம்பர் 15ஆம் நாள் ஹோவிட் தலைமையில் வந்த தேடற்குழு, கந்தலாடையும் எலும்புமாக அவர்களிடையே அவரைக் கண்டெடுத்தது. உடல்நலம் முற்றும் மீளாமலே, 1872இல் கிங் இறந்தார்.