ஒரே வாசலில் ஒன்பது லட்சம் பேர்

2022 ஜூன் 20-ஆம் தேதியை இறுதியாண்டு மாணவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ இரண்டு ரிசல்ட்டும் ஒரே நாளில் வந்தன. பத்தாவது மட்டுமே ஒன்பது லட்சம் பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். எங்க வீட்டில் பத்தாவது வரை வந்த முதல் ஆள் நான்தான் என்பதால், மீஞ்சூரில் எங்க தெருவே ஒரு செல்போனைச் சுற்றி நின்றது.

ரிசல்ட் பார்க்கக் கொடுத்த முகவரிகளைக் கவனித்தீர்களா? டி.ஜி.இ. 1, டி.ஜி.இ. 2 என்று நம்பர் போட்டே இரண்டு. டி.என். ரிசல்ட்ஸ் என்று இன்னொன்று. கூட்டத்தை இப்படிப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்து அனுப்புவதுதான் 'லோடு பேலன்சிங்'. ஆனால் இந்த முறையில், எதில் நுழைவது என்பதை ஜனங்கதான் முடிவு செய்யணும். எல்லாரும் முதல் முகவரியையே தட்டினால் அடுத்தது சும்மா கிடக்கும்.

அதனால்தான் பெரிய தளங்களில் முகவரி ஒன்றே ஒன்று. பின்னால் பல சர்வர்கள். நடுவில் பிரித்துவிடும் ஒரு சர்வர். எங்கப்பா கன்டெய்னர் லாரி டிரைவர். துறைமுக கேட்டில் வண்டிகளை லேன் லேனாகப் பிரித்து அனுப்புவதைப் பற்றி அவர் சொல்லித்தான் எனக்கு இந்தப் பாடமே புரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அனுப்பினால் அது 'ரவுண்ட் ராபின்'. வண்டி குறைவாக நிற்கும் லேனுக்குக் கை காட்டினால் அது 'லீஸ்ட் கனெக்ஷன்'. ஒரு லேனில் லாரி பிரேக்டவுன் ஆனால் அந்தப் பக்கம் அனுப்பாமல் நிறுத்துவது 'ஹெல்த் செக்'.

சர்வரைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேதான் விஷயமே இருக்கு. ரிசல்ட் என்பது படிக்க மட்டும்தான். அதைப் பத்து சர்வரில் காப்பி எடுத்து வைக்கலாம். தட்கல் டிக்கெட் அப்படியில்லை. ஒரே பெர்த்தை இரண்டு பேருக்கு விற்கக் கூடாது. முன்னால் எத்தனை சர்வர் நின்றாலும், அந்த பெர்த் யாருக்கு என்பதைக் கடைசியில் ஒரே இடத்தில்தான் முடிவு செய்தாகணும். 2015 ஜூனிலிருந்து ஏ.சி. தட்கல் 10 மணிக்கு, மற்றது 11 மணிக்கு என்று ரயில்வே பிரித்தது. நேரத்தையே பங்கு போட்டுவிட்டார்கள்!

நம்ம லேபிலேயே செய்து பார்க்கலாம், செலவில்லை. 'என்ஜின்எக்ஸ்' இலவச மென்பொருள். பழைய கம்ப்யூட்டர் நாலு போதும்: ஒன்று பிரிக்க, மூன்று பதில் சொல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றில் ஒன்றின் கேபிளைப் பிடுங்குங்கள். கொஞ்சம் தாமதித்தாலும் பக்கம் வந்துவிடும். பிரித்து அனுப்பும் கம்ப்யூட்டரின் கேபிளைப் பிடுங்கினால் மொத்தமும் நின்றுபோகும். பெரிய இடங்களில் அதையும் இரண்டாக வைப்பது இதனால்தான்.